நான் என்ன சொன்னேன், சொல்லுங்க

போன மாதம் என் கைபேசிக்கு ஒரு இணைப்பு வந்தது. அனுப்பியது நித்யா, நான் வேலை பார்த்த ஆராய்ச்சி மையத்தில் இப்போது களப்பணி செய்கிற பெண். கூடவே ஒரு குரல் செய்தியும் இருந்தது. "மேரிம்மா, உங்க காலத்து எலிக்காய்ச்சல் கட்டுரைய இப்ப எல்லாருக்கும் திறந்து விட்டாச்சு. யார் வேணாலும் சும்மாவே படிக்கலாம். தமிழ்ல சுருக்கமும் சேர்த்திருக்கோம். அப்ப எப்படி வேலை செஞ்சீங்கன்னு எங்களுக்குக் கொஞ்சம் எழுதிக் குடுங்களேன்." உங்க காலத்து என்கிறாள், நான் ஏதோ சோழர் காலத்தில் ஊசி பிடித்தவள் மாதிரி.

இணைப்பைத் தொட்டதும் கட்டுரை முழுசாக விரிந்தது. தலைப்புக்குக் கீழே முதல் பெயராக டாக்டர் கல்யாணியின் பெயர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். கண்ணாடியில் ஒரு தூசியும் இல்லை, அழுதது நான்தான். இது இப்படித் திறந்து கிடக்க வேண்டும் என்று அவர் எவ்வளவு ஆசைப்பட்டார் என்று எனக்குத் தெரியும். அவர் போய்ச் சேர்ந்த பிறகுதான் திறந்திருக்கிறது.

நித்யா கேட்டதால் எழுதுகிறேன். கேட்காவிட்டாலும் யாரிடமாவது சொல்லித்தான் இருப்பேன்.

என் பெயர் ஆரோக்கியமேரி. வேளாங்கண்ணிப் பக்கத்தில் வீட்டுக்கு ஒரு ஆரோக்கியமேரியாவது இருப்பாள். பெயரைச் சொல்லிக்கொண்டு ஊசியோடு போய் நின்றால், "பேருல மட்டும் ஆரோக்கியத்த வச்சுக்கிட்டு எங்கள குத்த வர்றியா" என்று வார்டில் கிண்டல் செய்வார்கள். நாகப்பட்டினத்தில் ஆய்வக உதவியாளர் படிப்பு, பிறகு தஞ்சாவூரில் கொஞ்ச நாள் தனியார் ரத்தப் பரிசோதனை நிலையம், அங்கிருந்து இந்த மையம். என் படிப்புக்கதை அவ்வளவுதான். மீதியெல்லாம் டாக்டரம்மாவிடம் கற்றது.

டாக்டர் கல்யாணி அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. கைக்குழந்தையைக்கூட 'வாங்க' என்பார். வரப்பில் நடக்கும்போது செருப்பைக் கையில் தூக்கிக்கொள்வார், சேலையைக் கெண்டைக்கால் வரை ஏற்றிச் செருகிக்கொள்வார். எந்த வீட்டில் ரத்தம் எடுத்தோமோ அந்த வீட்டில் ஒரு வாய் டீ குடிக்காமல் கிளம்ப மாட்டார். "நாம கேட்டத அவங்க குடுத்தாங்கல்ல? அவங்க குடுக்கிறத நாம வாங்கிக்கணும் மேரி" என்பார். ஊர் ஒதுக்கி வைத்த சில தெருக்களில் அப்படி வெளியிலிருந்து வருகிறவர்கள் உட்கார்ந்து டீ குடிப்பது அதுவரை நடக்காத காரியம். அவர் அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசியதில்லை, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுக் கிளம்புவார்.

ஆனால் வேலையில் ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கவே மாட்டார். ஆராய்ச்சிக்கு ரத்தம் எடுப்பதற்கு முன் அந்த ஆளிடம் சம்மதம் வாங்க வேண்டும். எல்லா இடத்திலும் தாளைப் படித்துக் காட்டுவார்கள், கையெழுத்தோ கைநாட்டோ வாங்குவார்கள், முடிந்தது. எங்களுக்கு அங்கேதான் வேலையே ஆரம்பிக்கும். நின்றுகொண்டு சொல்லக் கூடாது. அவர் கட்டிலில் இருந்தால் நாம் முக்காலியில், அவர் தரையில் இருந்தால் நாமும் தரையில். தாளைப் படித்து முடித்ததும் மடித்து மடியில் வைத்துவிட வேண்டும். பிறகு, "நான் என்ன சொன்னேன், சொல்லுங்க" என்று கேட்க வேண்டும். எதற்காக ரத்தம் எடுக்கிறோம், வேண்டாம் என்று சொன்னால் வைத்தியத்தில் குறை வருமா, அந்த ரத்தம் எங்கே போகும், யாருக்குப் பயன்படும் என்று அவர் தன் வாயால், தன் சொல்லில் திருப்பிச் சொல்ல வேண்டும். சரியாக வரவில்லை என்றால் தப்பு எங்களுடையது. மறுபடி முதலிலிருந்து சொல்லுவோம்.

இந்த நேரத்தில் டாக்டரம்மா எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருப்பார். அவர்கள் சரியாகச் சொல்லி முடித்ததும் பின்னாலிருந்து "ம்" என்று ஒரு சத்தம் வரும். அந்த 'ம்' வந்த பிறகுதான் நான் ஊசியைத் தொடுவேன். அந்தச் சத்தத்துக்காக இன்னும் என் காது ஏங்குகிறது.

ரத்தம் எடுத்தால் அதில் என்ன தெரிந்தது என்று கொடுத்த ஊருக்குப் போய்ச் சொல்ல வேண்டும் என்பது அவருடைய இன்னொரு பிடிவாதம். பத்திரிகைக்கு எழுதுவது, மாநாட்டில் படிப்பது எல்லாம் பிறகு. "குடுத்தவங்களுக்குத்தான் முதல்ல" என்பார். வாடகைக்கு மைக் செட் பிடித்து, திடலில் பாய் விரித்து, தமிழில் சொல்லுவோம். தமிழில் சொல்ல முடியாத எதையும் அவர் இங்கிலீஷில் எழுதமாட்டார். இப்போது இதற்கெல்லாம் பெரிய பெரிய பெயர் வைத்துப் பயிற்சி வகுப்பு நடத்துகிறார்கள் என்று நித்யா சொல்கிறாள். நடத்தட்டும், நல்லதுதான்.

இந்தக் கட்டுரைக்கான ஆய்வு நடந்த வருடம் ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. திருத்துறைப்பூண்டிக்கும் வேதாரண்யத்துக்கும் இடைப்பட்ட ஊர்களிலிருந்து, நாங்கள் போய் ரத்தம் எடுத்த திருத்துறைப்பூண்டி ஆஸ்பத்திரிக்குக் காய்ச்சல்காரர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு, சிலருக்கு மஞ்சள். அது எலிக்காய்ச்சலா என்று பார்ப்பதுதான் எங்கள் ஆய்வு. எலியின் மூத்திரம் வயல் தண்ணீரில் கலந்து, காலில் இருக்கிற காயம் வழியாக உள்ளே போகிற நோய் அது. சீக்கிரம் வந்தால் மருந்து கேட்கும். தாமதித்தால் ஈரலையும் சிறுநீரகத்தையும் பிடித்துக்கொள்ளும்.

கோவிந்தன் தாமதித்து வந்தவர். அண்டை வெட்டுகிற ஆள், அதாவது மண்வெட்டியால் வரப்போரத்தைச் செதுக்கிச் சேறு பூசுகிறவர். பகலெல்லாம் தண்ணீருக்குள் நிற்க வேண்டும். வலது காலில் மண்வெட்டி பட்ட காயம் இருந்தது. கண் இரண்டும் நல்ல மஞ்சள். மனைவி அஞ்சலை தோள்கொடுத்துக் கூட்டி வந்திருந்தார், பின்னால் சின்ன மகளும் வந்திருந்தாள். சேர்க்கிற இடத்தில் இருந்தவர் அந்தக் கண்ணைப் பார்த்தார், முதல் கேள்வியாக, "குடிப்பியாப்பா?" என்றார்.

கோவிந்தன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"மவ பொறந்த அன்னைக்கி விட்டவருங்க" என்றார் அஞ்சலை.

"எல்லாரும் இப்படித்தான் சொல்றீங்க" என்றபடி எழுதிக்கொண்டார் அவர். மஞ்சள் கண்ணைப் பார்த்தால் எந்த ஆஸ்பத்திரியிலும் எழுகிற கேள்விதான் அது. எங்கள் ஆய்வுத் தாளிலும் அதுதான் முதலில் அச்சாகியிருந்தது.

நான் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து எல்லாம் சொன்னேன். தாளை மடித்தேன். "நான் என்ன சொன்னேன், சொல்லுங்க" என்றேன். மூச்சு வாங்கிக்கொண்டே அவர் சொன்னது இது: "கொஞ்சம் ரத்தம் எடுப்பீங்க. அது எனக்கு ஒதவுமோ ஒதவாதோ. நாளைக்கு சேத்துல எறங்குறவனுக்கு ஒதவும்." பின்னாலிருந்து 'ம்' வந்தது. எடுத்தேன்.

மறுநாள் தஞ்சாவூருக்கு அனுப்பினார்கள். அங்கே போய் இரண்டாம் நாள் இறந்துவிட்டார்.

நோயை உறுதி செய்ய இரண்டு முறை ரத்தம் வேண்டும், இடையில் சில நாட்கள் விட்டு. கோவிந்தனுடையது ஒன்றுதான் இருந்தது. டாக்டரம்மா அதை ஐஸ் பெட்டியில் வைத்து, வேறு முறையில் சோதிக்க வசதியுள்ள வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்பினார். அங்கிருந்து பதில் வரத் தை பிறந்துவிட்டது. எலிக்காய்ச்சல்தான்.

அதற்குள் ஊரில் வேறு தீர்ப்பு எழுதிவிட்டார்கள். கருமாதி அன்று, உறவும் ஊரும் கூடியிருந்த இடத்தில், கோவிந்தனின் அண்ணன் பக்கிரிசாமி, "குடிச்சுக் குடிச்சே ஈரல வேக வச்சுக்கிட்டான். திருட்டுத்தனமா குடிச்சிருக்கான்" என்று சொல்லிவிட்டார். தம்பி போன ஆத்திரத்தில் சொன்னதாகக்கூட இருக்கலாம். ஆனால் அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. கருமாதிச் சபையில் செத்தவரைப் பற்றி மூத்தவர் சொன்னதுதான் நிற்கும். அதை மாற்ற வேண்டுமானால் சபையில்தான் மாற்ற வேண்டும், வீட்டுக்குள் பேசிப் பிரயோசனம் இல்லை.

பரிசோதனை முடிவு வந்ததும் அஞ்சலையை அதே ஆஸ்பத்திரிக்கு வரவழைத்தோம். டாக்டரம்மா கதவைச் சாத்திவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, நிதானமாகச் சொன்னார். அஞ்சலை அழவில்லை.

"எனக்குத் தெரியும்ங்க. அவரு மேல வாடை அடிச்சா எனக்குத் தெரியாதா? ஊருக்குச் சொல்லுங்க" என்றார்.

"எழுதித் தர்றேன்ங்க" என்றார் டாக்டரம்மா.

"எழுதி? எனக்குப் படிக்கத் தெரியாது. எம் மூத்தாருக்கும் தெரியாது. அவரு சபையில வாயால சொன்னாரு. நீங்களும் சபையில வாயால சொல்லுங்க. மைக் வச்சு சொல்லுவீங்களாமே?"

டாக்டரம்மாவுக்கு முகம் வாடிவிட்டது. ஆய்வில் இன்னாருக்கு இன்ன நோய் என்று பெயர் சொல்லக் கூடாது. செத்தவருக்கும் அது பொருந்தும். "இன்னைக்கு உங்க வீட்டுக்காரர் பேர நான் மைக்ல சொன்னா, நாளைக்கு தன் பேரயும் சொல்லிடுவேன்னு நாலு பேர் பயப்படுவாங்க. அப்புறம் யாரும் ரத்தம் குடுக்க மாட்டாங்க. என்னால முடியாதுங்க" என்றார்.

அஞ்சலை எழுந்துவிட்டார். "அப்ப எதுக்கு எடுத்தீங்க? எம் மவ குடிகாரன் மவன்னே வளரணுமா? நாளைக்கு அவள கேட்டு வர்றவன் அதத்தான கேப்பான்?" என்று சொல்லிவிட்டு, கதவைத் தானே திறந்துகொண்டு போய்விட்டார்.

எனக்கு அஞ்சலை மேல் கோபம் வரவில்லை. டாக்டரம்மா மேல்தான் வந்தது. மையத்துக்குத் திரும்புகிற வழியில் ஜீப் மன்னார்குடியைத் தாண்டியது. அறுவடை முடிந்த வயல்களைப் பார்த்துக்கொண்டே வந்தவர் திடீரென்று, "மேரி, வாய்ப்பூட்டு நமக்குத்தான். அவங்களுக்கு இல்லையே" என்றார். டிரைவர் முணுமுணுத்தபடி ஜீப்பைத் திருப்பினார்.

அஞ்சலை வீட்டு வாசலில் எங்களைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து டீயோடு வந்தார். அதை வாங்கிக் குடித்துவிட்டு டாக்டரம்மா சொன்னார்: "நாங்க சொல்லக் கூடாது. நீங்க அவரோட மனைவி. நீங்க சொல்லலாம். கூட்டத்துல மைக் உங்க கைக்கு வரும். ஆனா கட்டாயம் ஒண்ணும் இல்ல. அன்னைக்கிக் காலையில வேண்டாம்னு தோணினா விட்ருங்க, நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."

"நான் மைக்கே புடிச்சதில்லீங்களே" என்றார் அஞ்சலை.

"எனக்கும் புடிச்சா கை நடுங்கும்ங்க" என்றார் டாக்டரம்மா. அது பொய் இல்லை, நான் பார்த்திருக்கிறேன்.

மாசி மாதம், வெயில் தாழ்ந்த பிறகு, மாரியம்மன் கோயில் திடலில் கூட்டம். எலி பிடிக்கிற ஒருவரைக் கிட்டியோடு வரச் சொல்லியிருந்தோம். மூங்கிலை வில்லாக வளைத்துச் செய்த அந்தப் பொறியைப் பார்க்கச் சனம் எப்போதும் முட்டிக்கொண்டு வரும். அவர் எலி வளையைப் பற்றிச் சொன்னார். டாக்டரம்மா எலியிலிருந்து தண்ணீர், தண்ணீரிலிருந்து கால், காலிலிருந்து ஈரல் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். முன்வரிசையில் பக்கிரிசாமி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். அஞ்சலை பெண்கள் பக்கம் கடைசியில் மகளை அணைத்துக்கொண்டு இருந்தார்.

"யாராவது பேசணும்னா பேசலாம்ங்க" என்றார் டாக்டரம்மா.

அஞ்சலை எழுந்து வந்தார். மைக்கை இடுப்புக்கு நேராகப் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தார், ஒன்றும் கேட்கவில்லை. டாக்டரம்மா அவர் கையைப் பிடித்து மெல்ல வாய்ப்பக்கம் உயர்த்தினார்.

"எம் புருசன் கோவிந்தன் இந்தக் காச்சல்லதான் செத்தாரு. குடிச்சு சாவல. ரத்தத்துல பாத்துட்டாங்க." நிறுத்தினார். மகள் இருந்த பக்கம் பார்த்தார். "கண்ணு மஞ்சளானப்பவே போவலாம்னேன். வரமாட்டேன்னாரு. போனா மொதக் கேள்வியே குடிப்பியான்னு கேப்பாங்க, எம் மவ முன்னால என்னால பதில் சொல்ல முடியாதுன்னாரு. நாலு நாளு கீழாநெல்லிய அரைச்சுக் குடிச்சுக்கிட்டு படுத்திருந்தாரு. அப்புறம் தூக்கிட்டுத்தான் போனேன். போனதும் அதத்தான் கேட்டாங்க."

பக்கிரிசாமி எழுந்தார். தோளில் இருந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தார். அஞ்சலையைப் பார்க்கவில்லை, டாக்டரம்மாவைப் பார்த்துக் கேட்டார்.

"மஞ்சக் கண்ணு குடிக்காதவனுக்கும் வருமாங்க?"

"வரும்ங்க."

"சத்தமாச் சொல்லுங்க. குடிக்காதவனுக்கும்?"

டாக்டரம்மா மைக்கை வாங்கினார். கை நடுங்கியது. "குடிக்காதவங்களுக்கும் வரும்ங்க."

பக்கிரிசாமி கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "எல்லாரும் கேட்டுக்கிட்டீங்கள்ல?" என்றார். போய் உட்கார்ந்துகொண்டார். அந்த ஊரில் ஒருவர் தன் சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்கிற விதம் அதுதான். அஞ்சலைக்குப் புரிந்தது. மகளைக் கட்டிக்கொண்டு அப்போதுதான் அழுதார்.

திரும்பும்போது ஜீப்பிலேயே டாக்டரம்மா ஆய்வுத் தாளை எடுத்தார். முதல் கேள்வியை அடித்துவிட்டு, அந்த இடத்தில் 'எப்போது கடைசியாக வயலில் இறங்கினீர்கள்?' என்று எழுதினார். குடியைப் பற்றிய கேள்வி கடைசிக்குப் போனது, அதையும் தனியாக இருக்கும்போது கேட்க வேண்டும் என்று குறிப்பு வைத்தார். கட்டுரை எழுதும்போது, மஞ்சள் கண்ணோடு ஆண்கள் ஏன் தாமதித்து வருகிறார்கள் என்று ஒரு பத்தி சேர்த்தார். மறு மழைக்காலத்தில் பக்கிரிசாமி காய்ச்சல் கண்ட அன்றே தன் மகனை அழைத்துக்கொண்டு வந்தார். "வயல்ல எறங்கினவன்ங்க" என்று நாங்கள் கேட்கும் முன்பே சொன்னார்.

கட்டுரை வெளிநாட்டுப் பத்திரிகையில் வந்தது. அன்று இனிப்பு வாங்கி வைத்துக்கொண்டு கணினி முன்னால் உட்கார்ந்தோம். தலைப்பு தெரிந்தது, அவர் பெயர் தெரிந்தது, நாலு வரிச் சுருக்கம் தெரிந்தது. அதற்குக் கீழே பூட்டுப் படம். உள்ளே போகச் சந்தா கட்ட வேண்டும். அது எங்கள் மையத்துக்கு எட்டாத சங்கதி. எழுதியவருக்கே இந்தக் கதி. "நம்ம ஊரு ரத்தம் மேரி, நம்மளையே உள்ள விட மாட்டேங்குது" என்று சிரித்தார். சிரித்துவிட்டு வெகுநேரம் அந்தப் பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு எந்தக் கூட்டத்துக்குப் போனாலும், ஜனங்கள் கொடுத்ததில் எழுதியதை ஜனங்களுக்குப் பூட்டக் கூடாது என்று பேசினார். கேட்டவர்கள் தலையாட்டிவிட்டுச் சாப்பிடப் போனார்கள். ஓய்வு பெற்று, தஞ்சாவூரில் கொஞ்ச காலம் இருந்தார். போய்விட்டார்.

எனக்கு அவரோடு இன்னொரு முறை அந்த வரப்பில் நடக்க வேண்டும் போல இருக்கிறது. இதை எப்படி அழகாகச் சொல்வது என்று தெரியவில்லை. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் முன்னால் போக வேண்டும், ஐஸ் பெட்டியோடு நான் பின்னால் போக வேண்டும், அவ்வளவுதான்.

கட்டுரையைப் பார்த்த மறுநாள் வேதாரண்யம் பஸ் பிடித்து அஞ்சலை வீட்டுக்குப் போனேன். இப்போது மகளோடு இருக்கிறார். மகள் பள்ளிக்கூடத்தில் டீச்சர், வேலைக்குப் போயிருந்தாள். டாக்டரம்மா இறந்த செய்தியை அப்போதே போனில் சொல்லியிருந்தேன், அதைப் பற்றி நாங்கள் ஆரம்பத்தில் பேசவில்லை. கைபேசியை எடுத்துத் தமிழ்ச் சுருக்கத்தை மெதுவாகப் படித்துக் காட்டினேன். பிறகு, நோயாளிகளை வெறும் எண்ணிக்கையாகப் போட்டிருந்த பட்டியலைக் காட்டினேன்.

"இதுல அவரு எங்க இருக்காரு மேரியக்கா?"

"பேரு இருக்காதுங்க. இந்த வரிசை எறந்தவங்க. இதுல ஒருத்தர் அவரு."

அஞ்சலை அந்த எண் மேல் விரலை வைத்தார். விரல் பட்டதும் திரை நகர்ந்து வரிசை மேலே போய்விட்டது. "அய்யோ" என்று கையை எடுத்தார். நான் மறுபடி கொண்டுவந்து காட்டினேன்.

"இத யாரு வேணாலும் பாக்கலாமா?"

"யாரு வேணாலும்."

எல்லாம் காட்டி முடித்ததும் கைபேசியை மடியில் கவிழ்த்து வைத்தேன். பழக்கதோஷம், வாய் தானாகக் கேட்டுவிட்டது. "நான் என்ன சொன்னேன், சொல்லுங்க."

அஞ்சலை நிமிர்ந்து உட்கார்ந்தார். "வயத் தண்ணியில எலி மூத்திரம் கலக்கும். கால்ல காயம் இருந்தா காச்சல் வரும். கண்ணு மஞ்சளானா குடின்னு நெனைக்கக் கூடாது, ஒடனே போவணும். ஆஸ்பத்திரில மொத மொதல்ல வயல்ல எறங்கினியான்னு கேக்கணும். இது எங்க ஊரு ஆளுங்க ரத்தம் குடுத்துக் கண்டுபுடிச்சது. எம் புருசனும் குடுத்தாரு. இப்ப இத ஒலகத்துல யாரு வேணாலும் பாக்கலாம்."

ஒரு சொல் குறையவில்லை. நான் சட்டென்று பின்னால் திரும்பினேன். அங்கே அலமாரிதான் இருந்தது.

"யாரத் தேடுறீங்க?" என்றார் அஞ்சலை.

"டாக்டரம்மாவ."

"நானும் அவங்களுக்குத்தான் சொன்னேன்" என்றார்.